அண்ணா என்கிற உமாபதி

அமீரகத்துப் புஜைராவில் மழை பெய்தால் பெரியவர்கள்கூட வேலையை விட்டு ஜன்னலுக்கு ஓடுவார்கள். 2006 ஜனவரியில் அப்படி ஒரு மழை. எண்ணெய்க் கிடங்கு ஆபீஸ் வாசலில், நனைந்தபடி ஓடிவந்த ஒருவன் கிளார்க் ஜெயபாரதியின் கையிலிருந்த ஃபைல்களைத் தட்டிவிட்டான்.

"பார்த்து வரக்கூடாதா அண்ணா?"

சீறிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். இமையில் மழைத்துளி நிற்க, குறும்பாய் இரண்டு கண்கள்... ஐயோ, 'சார்' என்றிருக்கலாமே! தமிழ்ப் பெண்ணின் நாக்கு அப்படி. அந்நிய ஆணைக் கண்டால் முதலில் அண்ணனாக்கிவிட்டுத்தான் மூச்சு விடும்.

அவன் உமாபதி. காரைக்கால்காரன், புது சூப்பர்வைசர். விதி அத்தோடு விடவில்லை. அவன் அப்பாவும் கல்யாணசுந்தரம், அவள் அப்பாவும் கல்யாணசுந்தரம். ஊரில் ஓர் இனிஷியலுக்குள் அடங்கிக் கிடக்கும் அப்பா, வளைகுடா விசாவில் குடும்பப்பெயராக வாலை நீட்டிவிடுவார்.

மேனேஜர் ரெனே த்ரான்ஷ்மோந்தாஞ், கனடாவின் கியூபெக்காரர். தன் வம்சாவளியைச் சுவர் நீளத்துக்கு வரைந்து மாட்டியிருந்தார். அதற்கு முன்னால் நின்று அவர் விளக்கத்தைக் கேட்காத ஊழியரே கிடையாது.

"என் மூதாதை பிரான்ஸிலிருந்து கப்பலேறி வந்த சிப்பாய். கோத்தியே 'தி' த்ரான்ஷ்மோந்தாஞ். 'தி' என்றால் 'என்கிற'. அது பட்டாளத்தில் வைத்த பெயர். பேரன் காலத்தில் கோத்தியே உதிர்ந்துபோய், பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. அர்த்தம் தெரியுமா? மலையை வெட்டுகிறவன்!"

ஊரில் பிரெஞ்சு படித்த உமாபதி அவள் காதருகே குனிந்தான். "வாய்ச்சவடால் பேர்வழிக்குத்தாங்க அப்படிச் சொல்லுவாங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு மனசும் போயிற்று...

மலைவெட்டி சும்மா இருப்பாரா? ஒரே குடும்பப்பெயர். போதாததற்கு 'அண்ணா' என்ற விளிப்பு. ஸ்டோரில் இருந்த தமிழர் லுக்மானிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இருவரையும் உடன்பிறப்பு என்று ஆபீஸ் பதிவேட்டிலேயே ஏற்றிவிட்டார். அவள் மறுத்தபோது, "ஆவணம் பொய் சொல்லாது, மகளே" என்றார். வம்ச ஆராய்ச்சியாளர் அல்லவா!

"அண்ணன் சாப்பிட்டாச்சாம்மா?" என்று லுக்மான் தினமும் கேட்பார். உமாபதி ஒருநாளும் மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டே போய்விடுவான். நிஜமாகவே தங்கச்சியாகத்தான் நினைக்கிறாரோ...? அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச்சில் அவன் லீவு விண்ணப்பம் அவள் மேஜைக்கு வந்தது. காரணம்: பெண் பார்க்க.

எழுத்துகள் மிதந்தன. மேனேஜர் வேறு கருணை பொங்க வந்து, "உன் அண்ணனுக்குக் கல்யாணமாமே! உனக்கும் பத்து நாள் லீவு" என்று அறிவித்துவிட்டுப் போனார்.

அவன் கிளம்பும் நாள் வந்தது. நாலு மணிக்கு ஏர்போர்ட் கார். மூன்று ஐம்பதுக்கு அவன் விண்ணப்பத்தை வாங்க வந்தான்.

"நீங்களும் வர்றீங்களாமே?"

"நான் எதுக்கு? ஆரத்தி எடுக்கவா?"

"நாத்தனார்தானேங்க எடுக்கணும்?"

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "ரெண்டு மாசத்துல ஒரு தடவையாவது 'இல்ல'ன்னு சொன்னீங்களா?"

அவன் சிரிப்பு அணைந்தது. "முதல்ல கூப்பிட்டது நீங்கதானேங்க... உங்க மனசுலயும் அதேதான் இருக்குமோன்னு பயம். கேட்டு, நீங்க 'ஆமா அண்ணா'ன்னுட்டா...? அதான் அம்மா சொல்ற பொண்ணையே..."

வெளியே ஹாரன் அலறியது.

 இப்போது விட்டால் அவ்வளவுதான். அவள் சுவரில் தொங்கிய வம்சாவளியைப் பார்த்தாள்.

"மேனேஜர் ஊர்ல... 'என்கிற'வுக்கு முன்னாடி இருக்கற பேர் உதிர்ந்து போயிடுமாம்." நகம் மேஜையைக் கீறியது. "அண்ணா என்கிற உமாபதி. முதல் பாதியை... நான் விட்டுடட்டுமா?"

அவன் பேனாவை எடுத்தான். 'பெண் பார்க்க' என்பதை அடித்துவிட்டு, கீழே தமிழில் எழுதினான்: பார்த்தாச்சு.

"ஊருக்குப் போயி அம்மாகிட்ட நேர்லயே சொல்லிடறேன்" என்றான், கண்ணைத் துடைத்தபடி. "ஒரு வசதிங்க... கல்யாணத்துக்கு அப்புறமும் உங்க பாஸ்போர்ட்ல பேரை மாத்தவே வேணாம்."

அழுகையும் சிரிப்புமாய் அவள் நீட்டிய கையை அவன் இறுகப் பற்றிக்கொண்டான்.

கதவு திறந்தது. மலைவெட்டி! கோத்திருந்த கைகளையும் நனைந்த நாலு கண்களையும் பார்த்தார்.

"ஆஹா... என்ன சகோதர பாசம்!" என்று நெகிழ்ந்து, தம் கண்ணையும் ஒற்றிக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.