பதினேழு இடங்களும் ஓர் அத்தையும்

அப்பாவுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்தாற்போல விடுமுறை கிடைத்தபோது வீட்டில் யாரும் நம்பவில்லை.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். அந்த ஊர் லிஃப்ட்டுகள் திங்கள், செவ்வாயில் எல்லாம் நல்ல பிள்ளைகளாக ஏறி இறங்கும். சனிக்கிழமை காலை வந்தால்தான் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அடம்பிடிக்கும். உடனே அப்பாவின் செல்பேசி அலறும்.

"இந்தத் தடவை அலறாது. எனக்குப் பதிலா வேற ஆள் போறாரு. எங்கயாவது போயிட்டு வரலாமா?" என்றார் அப்பா.

அண்ணனிடம் பதில் தயாராக இருந்தது. "பழைய யுனிவர்சிட்டி இருக்கிற ஊருக்குப் போகலாம்பா! அறுநூறு வருஷம் ஆச்சாம். ரயில்ல ரெண்டரை மணி நேரம்தான்."

எல்லோரும் சரி என்றார்கள். யார் திட்டம் போடுவது என்ற கேள்வி வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"நான் போட மாட்டேன்பா. நான் திட்டம் போட்டா, அங்க வந்தும் நான்தான் எல்லாரையும் விரட்டிக்கிட்டு நிக்கணும்," என்றார் அம்மா. அவருக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர்.

"நான் போடுறேன்!" என்று கையைத் தூக்கினாள் குருவி.

குருவிக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் உண்டு. ஓயாமல் கீச்கீச்சென்று பேசுவதால் வீட்டில் குருவி. வயது பத்து.

நூலகத்திலிருந்து அண்ணன் கொண்டுவந்த வழிகாட்டிப் புத்தகத்தை அவள் மூன்று நாட்கள் கீழே வைக்கவில்லை. நான்காம் நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அட்டவணையை நீட்டினாள். இரண்டு நாட்களில் பதினேழு இடங்கள்!

அப்பா சத்தமாகப் படித்தார். "ஒன்பது பத்து, ரயில் நிக்கும். ஒன்பது பன்னிரண்டு, மணிக்கூண்டு. ஏம்மா, ரெண்டு நிமிஷத்துல மணிக்கூண்டுக்கு எப்படிப் போறது?"

"குருவி இல்லையா, பறந்து போகலாம்னு நெனச்சிருக்கு," என்றான் அண்ணன்.

"இதுல யாரும் பாத்ரூம் போறதுக்கே நேரம் இல்லையே," என்றார் அம்மா.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அத்தை. அப்பாவின் அக்காவான அத்தை அவர்களோடுதான் இருக்கிறார். தையல்காரர். சிரித்து முடித்து, அட்டவணையை மடித்துக் குருவியிடம் கொடுத்தார்.

"பிரமாதமாப் போட்டிருக்கே. ஆனா நான் வரலை, கண்ணு. பள்ளிக்கூடத்துக்கு முப்பது சீருடை தைச்சுக் குடுக்கணும். நீங்க போயிட்டு வாங்க."

"அக்கா, அதை அப்புறம் தைச்சுக்கலாமே," என்றார் அப்பா.

"திங்கக்கிழமை குடுக்கணும்டா. வேலைன்னா வேலைதான்."

அதற்குமேல் யாரும் வற்புறுத்தவில்லை.

மறுநாள், அட்டவணையை ஒழுங்காக வெட்டி ஒட்டுவதற்காகக் கத்தரிக்கோல் எடுக்க அத்தையின் அறைக்குப் போனாள் குருவி. அத்தை குளித்துக்கொண்டிருந்தார். கட்டிலின் மேல் சீருடைகள் அடுக்கடுக்காக இருந்தன. குருவி எண்ணிப் பார்த்தாள். சரியாக முப்பது. எல்லாவற்றுக்கும் பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு, கட்டும் கட்டியாகிவிட்டது.

அப்படியானால் அத்தை ஏன் வரவில்லை என்றார்?

அன்று மாலை அத்தை நூல்கண்டு வாங்கக் கிளம்பினார். குருவியும் கூடவே போனாள். தெருமுனை தாண்டியதும் அத்தை நின்று, சுவரில் ஒட்டியிருந்த, 'பூனையைக் காணோம்' என்ற அறிவிப்பைப் படித்தார். கொஞ்சதூரம் போய், பூட்டிக் கிடந்த ஒரு கடையின் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தார். இன்னும் கொஞ்சதூரம் போய், பையின் வாரைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது அதே பூனை அறிவிப்பு.

"அத்தை, இதைப் போகும்போதே படிச்சீங்களே?"

"பாவம், நல்ல பூனை," என்றார் அத்தை. அவருடைய கை மெல்ல முழங்காலைத் தடவியது.

குருவி மனதுக்குள் காலடிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். ஏறத்தாழ இருநூறு அடிக்கு ஒருமுறை அத்தை நின்றார்.

வீட்டுக்கு வந்ததும், அத்தையின் கால் இன்னும் சரியாகவில்லையா என்று அம்மாவிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தானே ஆகுது," என்றார் அம்மா. "நடக்கலாம். நடக்கணும்னுதான் டாக்டரும் சொல்றாரு. நடுநடுவுல உட்கார்ந்தாப் போதும். ஆனா தன்னால மத்தவங்க நின்னாங்கன்னா அவங்களுக்குப் பிடிக்காது."

குருவி தன் அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். மணிக்கூண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். கோட்டைச் சுவர் மேல் இரண்டு கிலோமீட்டர் நடை. பதினேழு இடங்களில் உட்கார ஓர் இடம்கூட இல்லை. அத்தை வரவே கூடாது என்று யாரோ யோசித்து யோசித்துப் போட்ட திட்டம் மாதிரி இருந்தது.

போட்டவள் அவள்தான்.

வழிகாட்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பல்கலைக்கழகத்தின் தொலைபேசி எண் இருந்தது. அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவருடைய செல்பேசியிலிருந்தே பேசினாள்.

"வணக்கம், பெரிய வாசல் காவலாளி பேசுறேன்," என்றது ஒரு கரகரத்த குரல்.

"ஐயா, உங்க யுனிவர்சிட்டியில பெஞ்ச் எங்கெங்க இருக்கு?"

"பெஞ்சா? வகுப்புல இருக்கிற பெஞ்சா?"

"இல்லைங்கய்யா, வெளியில. சுத்திப் பார்க்க வர்றவங்க உட்கார்ற பெஞ்ச். இருநூறு அடிக்கு ஒண்ணு இருந்தா நல்லது." அத்தையின் முழங்காலைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"பாப்பா, இந்த வாசல்ல இருபது வருஷமா நிக்கிறேன். மணிக்கூண்டுக்கு எத்தனை படின்னு கேக்காத ஆளே இல்லை. பெஞ்ச் எத்தனைன்னு கேட்ட மொத ஆள் நீதான்." அவர் தொண்டையைச் செருமினார். "எனக்கே தெரியலையே! நாளைக்கு இதே நேரத்துக்குப் பேசு. நடந்து பார்த்துச் சொல்றேன்."

சொன்னபடியே நடந்து பார்த்திருந்தார். மறுநாள் அவர் சொல்லச் சொல்லக் குருவி எழுதிக்கொண்டாள். பெரிய வாசலுக்கு உள்ளே இடப்பக்கம் இரண்டு பெஞ்ச். மணிக்கூண்டுக்குக் கீழே மரத்தைச் சுற்றிக் கல் இருக்கை. நூலக முற்றத்தில் நான்கு, அதில் ஒன்று ஆடும். ஆற்றில் ஒரு படகு உண்டு. ஏறி உட்கார்ந்தால் பழைய கட்டடங்களை எல்லாம் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடும்.

"நூலகத்துக் கீழ்த்தளத்துல ஒரு கூடம் இருக்கு. அந்தக் காலத்துப் பேராசிரியருங்க போட்ட அங்கியெல்லாம் கண்ணாடிக்குள்ள வெச்சிருக்காங்க. முந்நூறு வருஷத்துத் துணி. அங்க மட்டும் பெஞ்ச் இல்லை. அதுதான் இடிக்குது."

குருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அங்கியா? கையெல்லாம் எப்படித் தைச்சிருக்காங்க ஐயா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? பார்த்தா துணின்னு தெரியும். அவ்வளவுதான்."

புதிய அட்டவணையில் ஆறே இடங்களும், நடுநடுவே உட்காரப் பெஞ்சுகளும் இருந்தன. அண்ணன் முகத்தைச் சுளித்தான்.

"பதினேழு எப்படி ஆறா ஆச்சு? கோட்டைச் சுவர் எங்க?"

குருவி காரணத்தைச் சொன்னாள். அண்ணன் கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்தான்.

"மணிக்கூண்டு மட்டும் எனக்கு வேணும்."

"நீயும் அப்பாவும் ஏறுங்க. நாங்க கீழ மரத்தடியில உட்கார்ந்து கை ஆட்டுறோம்."

"அவ்வளவு உயரத்துல நான் தெரிவேனா?"

"சிவப்புச் சட்டை போட்டுக்கோ."

அண்ணன் ஒப்புக்கொண்டான். அட்டவணை சமையலறைக் கதவில் ஏறியது. அன்று மாலையே அதன் முன்னால் அத்தை நின்றுகொண்டிருந்தார்.

"யாருக்குடி இத்தனை பெஞ்ச்?"

குரலில் சிரிப்பு இல்லை. குருவி தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "எனக்குத்தான் அத்தை. எனக்குக் கால் வலிக்கும்."

"காலையில நூத்தம்பது தடவை கயிறு தாண்டின காலா?"

குருவியால் அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லை. உங்களுக்குத்தான்."

அத்தை தன் அறைக்குப் போய்விட்டார். சற்று நேரத்தில் தையல் மெஷின் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. நல்லது செய்யப் போய் அத்தையை அழ வைத்துவிட்டோமோ?

மெதுவாகக் கதவைத் தள்ளினாள். மெஷினில் ஒரு பழைய தலையணை உறை. தைத்த இடத்திலேயே அத்தை திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, சீருடைதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே. இப்ப என்ன தைக்கிறீங்க?"

"உன் வாயைத் தைக்கலாமான்னு பார்க்கிறேன்."

குருவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கும்தான். மெஷின் நின்றது.

"இங்க பாரு," என்றார் அத்தை. "நான் வந்தா நீங்க எல்லாரும் எனக்காக நின்னு நின்னு போகணும். போன வாரம் உங்கப்பன் 'அவசரமே இல்லைக்கா, மெதுவா வா'ன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான். எனக்கு எப்படி இருக்கும்?"

"நீங்க உட்காரும்போது யாரும் நிக்க மாட்டோம். எல்லாரும் உட்காருவோம். அட்டவணையிலயே அப்படித்தான் போட்டிருக்கேன். இப்ப யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேணாம்."

அத்தை தலையணை உறையை மடித்து வைத்தார்.

"அதோட, அங்க முந்நூறு வருஷத்து அங்கி இருக்காம். எப்படித் தைச்சிருக்குன்னு காவலாளி ஐயாவுக்குத் தெரியலை. அப்பாவுக்குத் தெரியாது. புத்தகத்துலயும் போடலை. நீங்க வரலைன்னா நானும் வெறும் துணின்னு பார்த்துட்டுத் திரும்பி வரணும்."

அத்தை தலையை நிமிர்த்தினார்.

"முந்நூறு வருஷமா? அப்ப மெஷினே கிடையாதே. முழுக்கக் கையிலயா தைச்சிருக்காங்க?"

"தெரியலையே."

"கழுத்துப் பட்டி எந்த மாதிரி?"

"அதுவும் தெரியலை அத்தை."

"ஒண்ணுமே தெரியாம திட்டம் மட்டும் போட்டுட்டா," என்று முணுமுணுத்தபடி அத்தை அலமாரியைத் திறந்து, பயணப் பையை வெளியே இழுத்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ரயில் நின்றது. பொறுமையாக இறங்கினார்கள். பெரிய வாசலில் கரகரத்த குரல் அவர்களுக்காகக் காத்திருந்தது.

"பெஞ்ச் பாப்பாதானே? குரலைக் கேட்டதுமே தெரிஞ்சிடுச்சு," என்றார் காவலாளி. அத்தையைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

அண்ணனும் அப்பாவும் மணிக்கூண்டில் ஏறினார்கள். கீழே மரத்தடியிலிருந்து அம்மா, அத்தை, குருவி மூவரும் ஒரு சிவப்புப் புள்ளிக்குக் கை ஆட்டினார்கள். இறங்கி வந்த அப்பா பொத்தென்று கல் இருக்கையில் உட்கார்ந்தார். "இங்க ஒரு லிஃப்ட் வெச்சா, சனிக்கிழமை கெட்டுப்போனாக்கூட நானே வந்து சரி பண்ணுவேன்," என்றார் மூச்சு வாங்க.

அங்கிகள் இருந்த கூடத்தில் பெஞ்ச் இல்லைதான். ஆனால் நடுவில் ஒரு மர நாற்காலி கிடந்தது. காவலாளி தன்னுடைய நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து போட்டிருந்தார்.

அத்தை அதில் உட்காரவே இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கறுப்பு அங்கியின் முன்னால் நின்றார். இந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்.

"என்ன அத்தை?"

"இதுக்குக் கை ரெண்டும் மாறியிருக்கு."

"என்னது?"

"உன் கையைத் தொங்க விட்டுப் பாரு. முழங்கைக்குக் கீழ கொஞ்சம் முன்பக்கமா வளையுதா? சட்டைக் கையையும் அப்படித்தான் வெட்டுவோம். இதுல ரெண்டு கையும் பின்னால வளையுது. வலது கையை இடதுல தைச்சிருக்காங்க."

காவலாளி ஓடிப்போய், கூடத்தின் பொறுப்பாளரை அழைத்து வந்தார். சாவிக்கொத்து வைத்திருந்த அந்தப் பெண் அங்கியை உற்றுப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மறுபடி அங்கியைப் பார்த்தார்.

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி கிழிசல் தைக்க ரெண்டு கையையும் பிரிச்சாங்க," என்றார் மெதுவாக. "அப்பதான் மாறியிருக்கணும். இத்தனை வருஷமா யாரும் கவனிக்கலை! அம்மா, நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"தையல்," என்றார் அத்தை.

"கண்ணாடிப் பெட்டியோட பின்பக்கக் கதவைத் திறக்கிறேன். தொடாம, கிட்ட இருந்து பார்த்து, வேற எங்கெல்லாம் தப்பு இருக்குன்னு சொல்றீங்களா? நான் எழுதிக்கிறேன்."

பொறுப்பாளர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அத்தை நாற்காலியைக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, "மொதல்ல தோள்பட்டையிலேர்ந்து வருவோம்," என்று ஆரம்பித்தார்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். குருவியின் காதருகே குனிந்தான்.

"படகு கிளம்பப் பத்து நிமிஷம்தான் இருக்கு. விட்டுடுவோம் போலிருக்கே!"

"விட்டா என்ன?" என்றாள் குருவி, அத்தையின் விரல் காட்டிய தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆத்துல படகு நாளைக்கும் ஓடும்."