சாமித் தட்டில் ஒரு பிஸ்டல்!

சட்டைப்பையில் ஃபோன் அலறியது.

சிறீஸ்கந்தராசா எடுக்கவில்லை. எடுக்கிற நேரமா இது?

டென்மார்க்கின் பிராண்டே ஊரில் ஒரு துப்பாக்கி சுடும் கழகம். சனிக்கிழமை காலை பத்து மணி. கோப்பி மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருவராகத் தங்கள் முதல் கைத்துப்பாக்கியின் கதையை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ர முதல் பிஸ்டலுக்காக மோட்டார் சைக்கிளை வித்தன்," என்றார் பென்ட் கிழவர். "ஒரு வருசம் வேலைக்கு நடந்துதான் போனன். மனுசி இண்டைக்கும் அதைச் சொல்லித் திட்டுறா!"

"நான் முதல் நாளே பத்துக் குண்டையும் குறியில அடிச்சன்," என்றாள் கிர்ஸ்டன். "பக்கத்து ஆளின்ர குறியில!"

மேசை குலுங்கியது.

"ஸ்ரீ, இனி உன்ர கதை!"

இதற்காகத்தானே அவர் இரண்டு வருடம் காத்திருந்தார்! காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை முடிந்த கையோடு ஓடிவந்து, கழகத்துப் பிஸ்டலில் பழகி, பொலிஸ் ஆதியோடந்தமாக விசாரித்து... மூன்று வாரத்துக்கு முன்தான் லைசன்ஸ் வந்தது. யாழ்ப்பாணத்தில் வந்தவன் போனவன் எல்லாம் அவரிடம் துப்பாக்கியை நீட்டிக்கொண்டுதான் கதைத்தான். முதல்முறையாக ஓர் அரசாங்கம் அவரை நம்பி, அவர் பெயர் போட்டு ஒன்றைக் கையில் தந்திருக்கிறது. அந்த அட்டையைப் பார்த்து மனுசன் அழுதேவிட்டார்.

"என்ர முதல் பிஸ்டல் இருக்கே..." தொண்டையைச் செருமினார்.

மறுபடி ஃபோன்! மனைவி மனோரஞ்சிதம்.

"இஞ்சருங்கோ, பொலிஸ் வந்திருக்கு. உங்களைத்தான் கேக்கினம். கெதியா வாங்கோ!"

கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

பிஸ்டல்!

அது இருக்கவேண்டிய இரும்புப் பெட்டியில் இல்லை. சாமி அறையில் இருக்கிறது!

நேற்று ஆயுத பூசை. காருக்கு எலுமிச்சம்பழம் வைத்தவர், மகனின் லேப்டொப்புக்குச் சந்தனம் பூசியவர், புதுப் பிஸ்டலை மட்டும் விடுவாரா? பொட்டு வைத்து, பட்டுத்துணி போர்த்தி, தட்டில் வைத்துவிட்டார். பூசையில் வைத்ததை மறுநாள் நல்ல நேரம் பார்த்துத்தான் எடுக்கவேண்டும். நல்ல நேரம் பதினொன்றரைக்கு!

பூட்டாமல் வைத்த பிஸ்டல்... லைசன்ஸ் போச்சு! இனி ஏழு பிறப்புக்கும் கிடைக்காது!

காரை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டுக் கூடத்தில் ஓர் இளம் பொலிஸ்காரி கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். பெயர் கிருசாந்தி. டென்மார்க்கிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளை.

"வணக்கம் அங்கிள். ஒரு சின்ன விசயம்..."

"பிள்ளை, நானே சொல்லிப்போடுறன்!" காலில் விழாத குறை. "களவா ஒளிக்கேல்லை. பூசைக்குத்தான் வைச்சனான். முருகனாணை, குண்டு போடேல்லை!"

கடலை வாய்க்குப் போகாமல் நின்றது.

"எதை அங்கிள்?"

"பிஸ்டலைத்தான்!"

"நான்... பக்கத்து வீட்டில சைக்கிள் களவு போனதைப் பற்றிக் கேக்க வந்தனான்."

ஐயையோ! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?

கிருசாந்தி எழுந்துவிட்டாள். குரல் மாறியிருந்தது. "எங்க அது? காட்டுங்கோ."

சாமி அறை. நடுங்குகிற கையால் பட்டுத்துணியை விலக்கினார்.

பச்சை நிறம்... பிளாஸ்டிக்... பேரனின் தண்ணீர்த் துப்பாக்கி!

"என்ர பிஸ்டல் எங்க?!" வீடு அதிர அலறினார்.

"கத்தாதேங்கோ," வாசலில் மனோரஞ்சிதம். "ராத்திரி நீங்கள் குறட்டை விடத் தொடங்கின கையோட எடுத்துப் பூட்டிப்போட்டன்."

"எப்பிடிப் பூட்டினனி? பெட்டிச் சாவி என்னட்டையெல்லோ இருக்கு!"

"உங்கட பெட்டியில ஆர் வைச்சது? என்ர பெட்டியில."

"உன்ர... பெட்டியா?"

அவள் முன்னால் நடந்தாள். இருவரும் பின்னால் ஓடினார்கள். உடுப்புத் தோய்க்கிற அறை. வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், சுவரோடு இறுக்கிய சாம்பல் நிற இரும்புப் பெட்டி!

கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சாவியால் திறந்தாள்.

உள்ளே இரண்டு பிஸ்டல். ஒன்றில் சந்தனப் பொட்டு!

"மற்றது ஆரின்ர, அன்ரி?"

"என்ர முதல் பிஸ்டல்!" லைசன்ஸ் அட்டையை நீட்டினாள் மனோரஞ்சிதம். முகமெல்லாம் பூரிப்பு. "நானும் சுடப் பழக வாறன் எண்டு கேட்டனான், பிள்ளை. பொம்பிளையளுக்குக் கை நடுங்கும் எண்டு சொல்லிப்போட்டார். ஹோர்சன்ஸ் ஊர்க் கழகத்தில போய்ச் சேந்தன். இவருக்கு ஒரு கிழமை முந்தியே எனக்குக் கிடைச்சிட்டுது!"

சிறீஸ்கந்தராசாவுக்கு வெட்கம் ஒரு பக்கம், தப்பினேன் என்ற நிம்மதி ஒரு பக்கம்.

கிருசாந்தி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கு. அங்கிள், உங்கட லைசன்ஸைக் காப்பாத்தினது அன்ரிதான். இன்னொருக்கா இப்பிடிச் செய்தா நான் விடமாட்டன், ஓகே?"

"ஓ... ஓம் பிள்ளை."

வாசல்வரை போனவள் திரும்பினாள்.

"அன்ரி, இவ்வளவு பெரிய பெட்டி எத்தனை நாளா இதில நிக்குது?"

"ஆறு மாசம். லைசன்ஸ் வர முதலே வாங்கிப் பூட்டிப்போட்டன்."

"ஆறு மாசமா? அங்கிள் கண்டிருந்தா?"

மனோரஞ்சிதம் சிரித்தாள்.

"அவர் எப்பிடிக் காண்றது? கலியாணம் கட்டி முப்பது வருசம்... மனுசன் இண்டைவரைக்கும் ஒரு சட்டை தோய்ச்சதில்லை!"