தண்ணி தெளித்து விட்டாயிற்று

குணசுந்தரி எழுதியதற்கு ஒரு பதில்கூட வரவில்லை.

‘தோழியர் கூடம்’ இணையதளத்தில் அப்படி நடக்கவே நடக்காது. அங்கே பால் பொங்கி வழிந்துவிட்டது என்று ஒருத்தி எழுதினால், அடுப்பைத் துடைக்க இருபது பேர் துணியோடு வந்து நிற்பார்கள். நேற்று மத்தியானம் அவள், ‘நிவிக்குக் காய்ச்சல், கஞ்சிகூட இறங்கவில்லை, என்ன கொடுக்கலாம்?’ என்று கேட்டிருந்தாள். இன்று விளக்கு வைத்த பிறகும் அந்தக் கேள்வி கேட்பாரற்றுக் கிடந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் சேமியா பாயசத்தைப் பற்றி ஊரே கூடிக் கும்மியடித்துக்கொண்டிருந்தது.

நிவி உள்ளறையில் படுத்திருந்தாள். ஐந்து வயதுக் குழந்தை, அனலாகக் கொதித்தது. புருஷன் அன்புசெல்வன் ஆலையிலிருந்து இன்னும் வரவில்லை. கும்மிடிப்பூண்டியில் அந்த நேரத்துக்கென்று ஒரு இரைச்சல் உண்டு. சிப்காட் பக்கம் இரும்புத் தகடு விழும் தொம் தொம், சென்னைக்குக் கிளம்பும் மின்சார ரயிலின் ஊதல், ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் சைக்கிள் மணி, ஜன்னல் வழியாக வந்து நாக்கில் படிகிற சுட்ட தகர வாசனை. இன்று அதெல்லாம் வேறு யாருக்கோ கேட்பதுபோல எட்டத்தில் கேட்டது.

தளத்தை நடத்துவது அவளும் திருநின்றவூர் திலகவதியும்தான். கல்லூரியில் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்தவர்கள். சண்டைக்காரிகளை வெளியேற்றினால் வேறு பெயரில் திரும்பி வந்து மல்லுக்கு நின்றார்கள். அதனால் திலகவதி ஒரு ஏற்பாடு கண்டுபிடித்தாள். அவர்களை வெளியேற்றுவதில்லை. எழுதட்டும். அவர்கள் எழுதுவது அவர்கள் கண்ணுக்கு மட்டும் தெரியும், மற்ற யாருக்கும் தெரியாது. பதில் வராமல் சலித்துப்போய்த் தானாக ஓய்ந்துவிடுவார்கள். கோயிலுக்கு நேர்ந்த ஆட்டின் ஞாபகத்தில் அதற்குப் பெயரும் வைத்தாள், ‘தண்ணி தெளித்து விடுவது’. குணசுந்தரியும் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

பழவேற்காட்டு ஆபிதாவுக்கு அப்படித்தான் தெளித்தார்கள். பரிசு வாங்கிய திலகவதியின் இறால் குழம்புக்குக் கீழே அந்தப் பெண், ‘இது போன மாசம் நான் எழுதினது’ என்று எழுதியதுதான் குற்றம். உண்மைதான், உப்பு அளவு முதற்கொண்டு அவளுடையதுதான். ஆனால் ‘தோழிகளை அவமதிக்கக் கூடாது’ என்று ஒரு விதி இருந்தது. விதியை எழுதியவள் திலகவதி. குற்றவாளியும் நீதிபதியும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் தீர்ப்புக்கு என்ன தாமதம்?

நடத்துகிறவர்கள் என்பதால் ஆபிதா எழுதியதெல்லாம் இவர்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது. முதலில் கோபம். அப்புறம் கெஞ்சல். அப்புறம், ‘எங்க ஊட்லயும் நான் பேசறது யாருக்கும் கேக்க மாட்டேங்குது. வாப்பாகூடத் திரும்பிப் பாக்கல.’ அதோடு நின்றுவிட்டது. குணசுந்தரிக்கு மனது கேட்கவில்லை. போன வாரம் போன் போட்டு, “பாவம்டி, அவளத் தொறந்து உட்டுடலாம்” என்றாள். “நீ சொன்னா சரிடி” என்றாள் திலகவதி, வெல்லப்பாகு மாதிரி.

இப்போது என்ன தோன்றியதோ, குணசுந்தரி தன் பெயரிலிருந்து வெளியேறி, வழிப்போக்கர் மாதிரி தளத்தைத் திறந்து பார்த்தாள்.

பாயசம் இருந்தது. அவள் கேள்வி இல்லை.

நேற்று எழுதியது இல்லை, முந்தாநாள் எழுதியதும் இல்லை. அவளையும் தெளித்துவிட்டார்கள். உடனே போனை எடுத்துத் திலகவதியைக் கூப்பிட்டாள்.

“ஹலோ? ஹலோ யாரு?”

“நான்தான்டி! என் பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு எழுதினதயுமா…”

“ஹலோ? ஒண்ணுமே கேக்கல.” பிறகு, போனை விலக்கிப் புருஷனிடம் சொல்கிற குரல். “யாருன்னு தெரியலங்க, சத்தமே இல்ல. குணாவா இருப்பா. அவளத்தான் தெளிச்சு உட்டுட்டேனே.” ஒரு சிரிப்பு. எத்தனை வருடமாகக் கேட்ட சிரிப்பு.

போன் வைக்கப்பட்டது. அவமானத்தில் குணசுந்தரிக்குக் காது அடைத்தது. திரும்பத் தன் பெயரில் நுழைந்து திரையைப் பார்த்தாள். அவள் கேள்விக்குக் கீழே ஒரு பதில் வந்திருந்தது.

ஆபிதா.

தெளிக்கப்பட்ட இவள் எழுதியது ஆபிதாவுக்குத் தெரிய வழியே இல்லை. ஏற்பாடே அதுதான். ஆனாலும் எழுத்து இருந்தது.

‘அக்கா, நீங்க எழுதறது எனக்குத் தெரியுது. புள்ள கைய உட்றாதீங்க. ஊட்ட உட்டு வெளிய மட்டும் போவாதீங்க. நான் போயிட்டேன்.’

எழுந்து உள்ளறைக்கு ஓடினாள். நிவியின் கை நெருப்பாக இருந்தது. “நிவி, அம்மாடி.” குழந்தை திரும்பவில்லை. கண் திறந்துதான் இருந்தது, மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு சீட்டியடித்தது. டாக்டரிடம் போக வேண்டும். இப்பவே.

தெருவில் பைக் சத்தம்.

வந்துவிட்டான். வண்டியை அணைக்காமல் அப்படியே திருப்பச் சொல்ல வேண்டும். கையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

வந்தது எதிர்வீட்டுப் பூவராகவன்.

“அண்ணே!”

அவர் நின்றார். திரும்பிப் பார்க்கப் போனார். வாசற்படியிலிருந்து அவர் பெண்சாதி கிசுகிசுத்தாள். “திரும்பாதீங்க! ஒரு வாட்டிதான் கூப்புட்டுது. மூணு வாட்டி கூப்புட்டாதான் மனுஷங்க. பேசாம உள்ள வாங்க.”

மறுபடி கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் அசைந்தது. குரல் வரவில்லை. எதிர்வீட்டுக் கதவு மூடியது. விளக்கு அணைந்தது.

இரும்புச் சத்தம் இல்லை. ரயில் இல்லை. வாசனைகூட இல்லை.

திரும்பினாள். அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழும் ஓசை. முற்றத்தில் அன்புசெல்வனின் வண்டி. எப்போது வந்தான்? எப்படி அவளைத் தாண்டிப் போனான்?

கதவைத் தட்டினாள். கை வலித்தது. சத்தம் எழவில்லை.

ஜன்னல்.

உள்ளே ட்யூப்லைட் வெளிச்சம். கட்டிலில் அன்புசெல்வன். அவன் மடியில் குழந்தை.

“நிவி!”

குரல் வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை.

நிவிக்குக் கேட்டது. தலை நிமிர்ந்தது. உதடு பிரிந்தது. “அம்…”

அன்புசெல்வன் ஜன்னலைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவளைத்தான். இருளையோ கம்பியையோ அல்ல. ஏழு வருடம் கூட வாழ்ந்த முகம் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்தது என்பது அவன் கண்ணில் தெரிந்தது.

அப்புறம் குழந்தையின் வாயைப் பொத்தினான்.

“பதில் சொல்லாதம்மா,” என்றான், மெதுவாக. “அப்பா இருக்கேன்ல.”

அவள் மறுபடி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அவனுடைய அகலமான கைக்கு மேலே, காய்ச்சலில் சிவந்த இரண்டு கண்கள் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.