திறக்காதவன் மூடிய லைன்

“பலகையோட பிளக்கைப் பிடுங்கினது நான்தானாம், சார். சாயங்காலத்துக்குள்ள வேலையை விட்டுப் போகணுமாம்!”

பேருந்து நிலையத்தில் தரை துடைக்கும் அம்மா சொன்னதும் அவசரம் துள்ளி எழுந்தான். நிதானம் மெல்லச் செருப்பைத் தேடினார். துப்பறிகிறவர் நிதானம், உதவியாளன் அவசரம்; மற்றவர்கள் வைத்த பெயர்கள் இவை. பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நிலையத்தில் பேருந்து நேரம் காட்டும் மின்பலகை இருண்டு கிடந்தது. ஓரத்துச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. பிளக்கின் மேல் தடித்த தூசி. விரல் பட்ட தடமே இல்லை. அதற்கு மேலே ‘தொடாதே – மேலாளர்’ என்று ஓர் அட்டை.

“இவதான் பிடுங்கி மாட்டியிருப்பா. கம்ப்யூட்டர் தம்பியே சொல்லிட்டார்” என்றார் மேலாளர். படித்தவன் சொல்லிவிட்டால் அப்புறம் விசாரணை எதற்கு!

“தம்பி, பலகை எப்ப அணையுது?” என்று கேட்டார் நிதானம்.

“என் புது அறிக்கை புரோகிராம் ஓடினா, சில நாள் அணையுது. நேத்தும் ஓடுச்சு, ஒண்ணும் ஆகல.”

“நேத்து அறிக்கை எங்க போச்சு?”

“கோப்புக்கு. கோப்புப் பேர் குடுத்தா அதுல எழுதும். இல்லைன்னா பலகையில காட்டும். இன்னிக்குக் குடுக்கல.”

“பலகைக்குப் போற லைனை யார் திறக்கறது?”

“காலையில பஸ் நேரம் காட்டற பெரிய புரோகிராம் திறந்துரும். நாள் பூரா எல்லாத்துக்கும் அந்த ஒரே லைன்தான்.”

“நீ என்ன பண்ணியிருக்கே?”

“கோப்போ லைனோ, எது வந்தாலும் ஒரே ‘வித்’ங்கிற கட்டளைக்குள்ள விட்டிருக்கேன். வேலை முடிஞ்சதும் அதுவே மூடி...” தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“கோப்பு நீ திறந்தது, நீ மூடு. லைன் இரவல்யா! அடுத்த வீட்டுல தண்ணி குடிச்சிட்டு மெயின் வால்வை மூடிட்டு வந்திருக்கே. பிளக்குல தூசி கலையல, யாரும் தொடல. கரண்ட் இருந்துச்சு, சிவப்பு விளக்கு எரிஞ்சுது. செத்தது லைன். கோப்புப் பேர் இல்லைன்னா லைனை ‘நல்கான்டெக்ஸ்ட்’ங்கிற வெத்து உறையில போட்டுக் குடு. ‘வித்’ முடிஞ்சாலும் அது எதையும் மூடாது” என்றார் நிதானம்.

“பிளக்குல தூசியா? அப்ப இவ துடைக்கறதே இல்ல!” என்றார் மேலாளர்.

“அந்த அட்டையை மாட்டினதே நீங்கதானய்யா!” அவசரம் கத்தினான்.

தம்பி திருத்தி, லைனை மறுபடி திறந்து, கோப்புப் பேர் கொடுக்காமல் ஓட்டினான். பலகையில் அறிக்கை வந்தது. அதன் பின்னாலேயே அடுத்த பேருந்தின் நேரமும் வந்தது.

“சரி, போய் வேலையைப் பாரும்மா” என்றார் மேலாளர்.

“தொடலைன்னு காலையிலேருந்து தொண்டை வறளச் சொன்னேன், கேக்கல. தூசி சொன்னதும் நம்பிட்டீங்க.” அந்த அம்மா மேலாளர் அறை வாசலில் அழுக்குத் தண்ணீர் வாளியை நங்கென்று வைத்தாள். “மன்னிப்பு கேட்டாத்தான் இது நகரும்.”

மேலாளர் சிரித்து மழுப்பப் பார்த்தார்.

“கேளுய்யா!”

அதட்டியது அவசரம் அல்ல, நிதானம்.