புல் முளைக்காத தடம்

ஒன்றரை மணி நேரம் முள்ளை வெட்டி வெட்டி ஏறிய பிறகு, பாதை திடீரென்று சுத்தமாகக் கிடந்தது.

சித்ரா நின்றுவிட்டாள். அதுவரை அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் பாதையின் மிச்சங்கள்தான். உண்ணிச்செடிப் புதருக்கு அடியில் வரிசையாகப் பதித்த இரண்டு கற்கள், பாறையில் கால் வைக்கக் கொத்திய ஒரு பள்ளம், மண் சரியாமல் இருக்க யாரோ எப்போதோ அடுக்கிய தடுப்பு. ஒன்றைப் பார்த்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. இங்கே ஒரு முழ அகலத்துக்குச் செம்மண் தடம், தலையில் வகிடு எடுத்தது போல, சரிவில் வளைந்து ஏறிப் போனது. இரண்டு பக்கமும் இடுப்பளவு புல். தடத்தில் ஒரு புல் இல்லை. மேலே கிளை கவிந்திருந்தும் ஒரு சருகுகூட விழுந்து கிடக்கவில்லை.

"பெத்தண்ணே, இந்தப் பக்கம் ஆடு மேய்க்க வருவாங்களா?"

பெத்தன் மலையடிவாரத்து ஊர்க்காரர். ஐம்பத்தைந்து வயது. தேனுக்கும் கிழங்குக்கும் இந்த மலை முழுவதும் சுற்றியவர். அரிவாளைத் தோளில் சாய்த்துக்கொண்டு தடத்தையே பார்த்தார்.

"ஆடு இங்குட்டு ஏறாது தாயி. நாங்களும் வாறதில்ல. ரோடு போட்டு பஸ்சு விட்டப்பவே இந்தத் தடம் விட்டுப்போச்சு. நாப்பது வருசம் இருக்கும்."

"அப்பறம் எப்படி இப்படிக் கெடக்கு?"

அவர் குனிந்து மண்ணைத் தொட்டார். நேற்று மாலை நல்ல மழை. வழியெல்லாம் சேறு. இந்த மண் மட்டும் மெழுகிய தரை போல இறுகி, வழவழப்பாக இருந்தது.

மலைக்கு அந்தப்பக்கத்து ஊர்ப் பெண்கள் தலையில் கூடை சுமந்து சிங்கம்புணரிச் சந்தைக்கு வந்துபோன தடம் அது. முத்தரசு அதைத் தேடித்தான் வந்தான். சித்ராவின் ஒரே தம்பி. காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஆள் நடமாட்டம் நின்றுபோன மலைப்பாதைகளைத் தேடிப் போய், நடந்து, போனில் பதிந்து வரைபடமாக்குவான். "யாராச்சும் ஒரு தடவை நடந்து குடுக்கணும்க்கா, இல்லேன்னா பாதை செத்துப்போயிரும்" என்பான். தை மாதம் ஒரு ஞாயிறு இந்த மலைக்கு வந்தவன் திரும்பவில்லை. பைக் மட்டும் அடிவாரத்துப் புளியமரத்தடியில் நின்றது. பதினொரு நாள் போலீசும் தீயணைப்புக்காரர்களும் மலைக்கோயிலின் படிக்கட்டுப் பக்கமாகவே தேடிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். இப்போது புரட்டாசி. கோட்டையூர் வீட்டில் அம்மா இன்னும் மாதம் தவறாமல் அவன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்யச் சொல்கிறாள். போன மாதம் அவன் பழைய லேப்டாப்பைத் திறந்தபோதுதான், வடக்குச் சரிவில் அவன் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்திருந்த பாதையைச் சித்ரா பார்த்தாள். அந்தப் பக்கம் யாருமே தேடவில்லை. வனத்துறையில் ஒரு நாளைக்கு அனுமதி கொடுத்தார்கள். ஐந்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும்.

அவர்கள் ஏறினார்கள். அதுவரை விடாமல் கூவிக்கொண்டிருந்த செம்போத்தின் குரல் கீழேயே தங்கிவிட்டது. அதற்குப் பதில் ஒரு வாசனை வந்தது. முதலில் ஈர மண் என்று நினைத்தாள். இல்லை. வாடிய கொத்தமல்லி, கருவாடு, நறுக்கிய பூசணி, நடந்து நடந்து புளித்த வியர்வை. சந்தை முடிந்த சாயங்காலத்தின் வாசனை. மனிதர் நடந்து நாற்பது வருடமான மலைச்சரிவில், காற்று துளியும் அசையாமல், முகத்துக்கு நேராக அது நின்றது.

ஒரு வளைவில் சுமைதாங்கிக் கல் இருந்தது. நட்ட இரண்டு கற்களின் மேல் ஒரு பலகைக்கல். அதன் மேல் முத்தரசுவின் பை.

சித்ரா ஓடிப்போய் எடுத்தாள். உள்ளே பாதித் தண்ணீரோடு பாட்டில், செத்துப்போன போன், நோட்டு. எட்டு மாத வெயிலும் மழையும் பட்ட பை போல இல்லை. யாரோ மூச்சு வாங்க இறக்கி வைத்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனது போல இருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "இங்க இருக்கான்ணே. மேல எங்கயோ இருக்கான்."

"தாயி, இதோட எறங்கிருவோம். நாளைக்கு நாலு ஆளோட வருவோம். எனக்கு இந்த எடம் சரியாப் படல."

"பத்து நிமிசம்ணே. ஒரே பத்து நிமிசம்."

பெத்தன் அவள் முகத்தைப் பார்த்தார். முன்னால் நடந்தார்.

பத்து நிமிடம் முக்கால் மணி நேரமானது. தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். பாறைகள் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. மூன்று மணிக்கு, தொண்டை கட்டிப்போய், அவளே "போலாம்ணே" என்றாள். திரும்பி இறங்க ஆரம்பித்தார்கள்.

வெயில் நன்றாக இருந்தது. மரங்களுக்கிடையே கீழே சிங்கம்புணரி தெரிந்தது. அரிசி ஆலையின் தகரக் கூரை, கண்மாயின் பளபளப்பு, சிவப்பும் வெள்ளையும் அடித்த செல்போன் டவர். டவரைக் குறி வைத்து இறங்கினால் போதும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கால்கள் இறங்கின. கண்ணுக்கு முன்னால் தடம் பள்ளத்தில்தான் போனது. ஆனால் கெண்டைக்கால் இறுகி வலித்தது. ஏறும்போது வலிக்குமே, அந்த வலி. மூச்சு இரைத்தது. காது அடைத்தது.

டவர் விரல் அளவில் இருந்தது. அடுத்த வளைவில் தீக்குச்சி அளவில் இருந்தது.

"அண்ணே, நாம எறங்குறோம்தான?"

"எறங்குறோம் தாயி." அவர் குரல் உடைந்திருந்தது. "எறங்க எறங்க ஊரு தள்ளிப் போகுது. பாத்தீகளா?"

அடுத்த வளைவில் டவர் இல்லை. கண்மாய் ஒரு சொட்டுத் தண்ணீராகக் கிடந்தது.

பெத்தன் அரிவாளை எடுத்தார். "தடத்த விட்டுருவோம். நேரா முள்ளுக்குள்ள எறங்குவோம். கிழிஞ்சாலும் பரவால்ல." தடத்தின் ஓரத்தில் நின்ற உசிலை மரத்தின் அடியை எட்டிப் பிடித்து, உடம்பைப் புல்லுக்குள் இழுத்தார். மார்பு போனது. இடுப்பு போனது.

கால்கள் வரவில்லை.

சித்ரா பார்த்தாள். அவர் மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக் குப்புறக் கிடந்தார். தடத்தின் மேல் கிடந்த அவருடைய கால்கள் நடந்துகொண்டிருந்தன. இடது, வலது. இடது, வலது. அவசரமில்லாமல். பெருவிரல்கள் மண்ணை உரசின. செருப்பு எப்போதோ கழன்றிருந்தது.

"நான் நடக்கல தாயி!" அவர் கத்தினார். "சத்தியமா நான் நடக்கல. பிடிங்க. என்னயப் பிடிங்க!"

அவள் குனிந்து அவர் இடுப்பைப் பிடித்தாள். பிடித்த கை நழுவியது. மறுபடி பிடிக்க நீட்டினாள். எட்டவில்லை. இரண்டடி தள்ளி நின்றாள். நிற்கவில்லை. நான்கடி. அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமல் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

"அண்ணே!"

"போகாதீக தாயி! விட்டுட்டுப் போகாதீக!"

உட்காரப் பார்த்தாள். முழங்கால் மடங்கவில்லை. புல்லைப் பற்றினாள். புல் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தது. கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. வளைவு அவரை மறைத்தது. அதன் பிறகும் வெகுநேரம் அவர் பாதங்கள் மண்ணில் உரசும் சத்தம் கேட்டது. சர். சர். அப்புறம் அந்தச் சத்தம் முன்னாலிருந்தும் கேட்டது.

முன்னால் யாரோ தடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். முதுகு தெரிந்தது. பிடரியில் இரட்டைச் சுழி. குழந்தையாக இருந்தபோது அவள் எண்ணெய் தேய்த்து விட்ட தலை.

"முத்தரசு!"

உட்கார்ந்திருந்தவன் நகர்ந்துகொண்டிருந்தான். தோள்கள் மெல்ல ஆடின. நடப்பவனின் தோள்கள் ஆடுவது போல.

அவள் கால்கள் அவனை நெருங்கி, வேகம் குறைத்து, அவன் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டன. அவளைவிட ஒரு தலை உயரமானவன் அவன். இப்போது அவன் உச்சந்தலை அவள் இடுப்புக்குத்தான் வந்தது.

"அக்கா." அவன் திரும்பவில்லை. குரல் மட்டும் அவனுடையது. "கீழ பாக்காத."

பார்த்தாள்.

தொடைக்குக் கீழே ஒன்றுமில்லை. காயமில்லை. ரத்தமில்லை. உரைகல்லில் தேய்ந்தது போல வழவழவென்று, மண் நிறத்தில். அதை ஊன்றி அவன் நடந்துகொண்டிருந்தான். இடது. வலது.

"நில்லுடா. நில்லு முத்தரசு."

"நின்னு பாத்துட்டேன்க்கா. முடியல." அவன் தோள்கள் ஆடின. "வலிக்காது. மொத மாசம் மட்டுந்தான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கைகள் மட்டும் இன்னும் அவள் சொன்னபடி கேட்டன.

"யாருகிட்டயாச்சும் சொல்லிட்டு வந்தியாக்கா?"

"பர்மிஷன் வாங்கித்தான் வந்தேன். சாயங்காலம் இறங்கலேன்னா நாளைக்குக் காலைல தேடி வருவாங்க. நெறையப் பேரு வருவாங்கடா. அம்மாவும் வரும்."

அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று புரிய அவளுக்கு நேரமானது.

"எல்லாரும் இந்தத் தடத்துலதான ஏறுவாக" என்றான்.

வாசனை இப்போது மூச்சை அடைத்தது. கொத்தமல்லி. கருவாடு. அவன் தலைக்கு மேலே அவளுக்கு வழி நன்றாகத் தெரிந்தது. வெயில். செம்மண். நீண்ட ஏற்றம். வரிசையாகப் பெண்கள், தலையில் கூடையோடு. அவனுக்கு அடுத்து முன்னால் இருந்தவர்களுக்கு இடுப்புவரை இருந்தது. அவர்களுக்கு முன்னால் போனவர்களுக்குத் தோள்வரை இருந்தது. அதற்கும் முன்னால், சும்மாடு கட்டிய தலைகள். கண்கள் திறந்திருந்தன.

எல்லாருக்கும் முன்னால், உச்சியை நோக்கி, தரையோடு தரையாக, கூடைகள் மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தன.