மட்டம் நிற்காத மேற்கு அறை

சாயங்காலம் நடுவில் நின்ற ரசமட்டக் குமிழி காலையில் கிழக்கே ஓடியிருந்தது. குமிழி எப்போதும் மேடான பக்கம்தான் ஓடும். அப்படியானால் தரை மேற்கே இறங்கியிருக்கிறது. கரமனை ஆற்றோர மாந்தோப்பில் கட்டும் புது வீட்டில் இந்த ஓர் அறை மட்டும்தான் இப்படி. பெயர்த்துப் பெயர்த்துப் போட்டும் தீரவில்லை.

வீடு கட்டும் நீலகண்டனுக்கு மேஸ்திரி இசக்கிப்பாண்டி மேல் சந்தேகம். ஸ்ரீவராகத்து வாடகை வீட்டை மாதக் கடைசியில் விட்டாக வேண்டும். மனைவி நாகலக்ஷ்மிக்கோ ஏழாம் மாதம்.

"சிமெண்டை வித்துட்டு வெறும் மணலைக் கொட்டறயோ?"

"நேத்து நீங்களேதான குமிழியப் பாத்திய, சாமி?" என்றான் இசக்கிப்பாண்டி. "கூலிய முடக்க நீங்கதான் ராத்திரி ஆளு வச்சு நோண்டுதியளோன்னு எனக்குச் சம்சயம்."

நீலகண்டன் நில அளவை ஆபீசில் படம் வரைகிறவர். இந்த 1967-ஆம் வருஷத்துக்கு வெகு முந்தைய பள்ளத்தாக்கு நிலப்படம் ஒன்றைப் பிரதி எடுத்து வந்தார். ஆறு, நகரம், புள்ளி புள்ளியாகத் தோப்புகள். ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்த்தால் ஒரு கோடு. அந்த உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் கரை அது. மேற்கு அறை வரும் இடத்தில் ஒரு சிறு வளையம். உட்புறம் கீற்றுகள் போட்டிருந்தன. பள்ளம் என்று பொருள்.

"மூடின குளமா இருக்கும். மண் இறங்கறது."

"மண்ணு ராத்திரி மட்டும் இறங்குமா, சாமி?"

சோதிக்கத் தரையில் தண்ணீரைக் கொட்டினார்கள். நல்ல வெயில். தண்ணீர் மேற்கே ஓடித் தேங்கியது. படத்திலிருந்த வளையமேதான், வளைவுக்கு வளைவு. அழுகிய மாம்பழ வாசனை எழுந்தது.

ஐப்பசியில் ஏது மாம்பழம்?

நடுவில் இரண்டு இடங்கள் மட்டும் நனையவில்லை.

இரண்டு பாதங்கள்.

"நீ மிதிச்சியா?" நீலகண்டன் கிசுகிசுத்தார்.

"நான் வாசல்லல்லா நிக்கேன்."

இடது பாதத்தைத் தண்ணீர் மெல்ல மூடியது. கொஞ்சம் இப்பால், அவர்களை நோக்கி, இன்னொரு பாதம் உலர்ந்தது.

விஷயம் கேட்ட நாகலக்ஷ்மி படத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"யாரோ இருக்கற இடத்து மேலன்னா தரை போட்டிருக்கேள்! அதை அவாளுக்கே விட்டுடுங்கோ."

வளையத்துக்குள் இருந்த தரையைப் பெயர்த்து எடுத்தார்கள். கோட்டுக்கு வெளியே சுவர் எழுப்பி, ஒரே ஒரு கதவு வைத்தார்கள். ஜன்னல் இல்லை.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்மா?" என்றான் இசக்கிப்பாண்டி.

"உள்பக்கம்."

மறுநாள் காலையில் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இந்தப் பக்கம் மட்டம் நின்றது.