பஞ்சு அடைத்த அறை

“துப்பாக்கியை வித்துடலாம்னு இருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடி அதுல சுடறது யாருன்னு எனக்குத் தெரியணும்” என்றார், சோபாவும் மெத்தையும் தைக்கும் குஷன்காரர்.

மழை பிடித்துக்கொண்ட மாலை. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. அண்ணி அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தீப்பிடித்த கடைகளின் சாம்பலைக் கிளறி, தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று காப்பீட்டு அலுவலகத்துக்குச் சொல்லும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கொழுந்தன் ஒருவர் கூப்பிடப் போய், இப்போது அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தக் கொழுந்தனுக்குத் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை. கடையில் ஆள் வராத நேரங்களில் அண்ணியின் வீட்டில் இருப்பார். எப்போதும் இருப்பார் என்று சொன்னாலும் தப்பில்லை.

“சார், டீ போடட்டா?” என்று கொழுந்தன் சமையலறை வாசலிலிருந்து கேட்டார்.

குஷன்காரர் திரும்பவில்லை. கவலையில் இருக்கிற மனிதர் என்று கொழுந்தன் தானாகவே டீயைப் போட்டார்.

“எங்கண்ணனோட துப்பாக்கி அது. போட்டிக்குச் சுடற காத்துத் துப்பாக்கி. போன வருஷம் அவர் கண்ணை மூடறப்போ எம்பொண்ணு கையிலதான் குடுத்தார். அடுத்த வாரம் அவளுக்குத் தேர்வுப் போட்டி. தினம் சாயங்காலம் வீட்லதான் பழகறா.”

“சத்தம் வருமே?”

“வந்துச்சு. ஈயக்குண்டு தகரப் பெட்டியில போய் அடிச்சா கோயில் மணி கெட்டுது போங்க. கீழ்வீட்டம்மா ஓனர்கிட்டப் போய்ட்டாங்க. இன்னொரு தடவை புகார் வந்தா துப்பாக்கி போகணும், இல்லைன்னா நீங்க போகணும்னுட்டார் ஓனர். விடுவேனா? நம்ம தொழிலே அதுதானே!” குஷன்காரரின் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. “தகரத்தைத் தூக்கிட்டு மரப்பெட்டி செஞ்சு பழந்துணியைத் திணிச்சேன். சுவர் பூரா ஃபோம் அடிச்சு, மேல கனத்த துணி. தரையில ரப்பர். ஜன்னலுக்கு எங்க மெத்தையையே பிரிச்சு அடைச்சுட்டேன். அவளை உள்ளே சுடச் சொல்லிட்டு நான் மாடிப்படியில நின்னு கேட்டேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.”

“அப்புறம் என்ன?”

“கீழ்வீட்டம்மா இன்னும் கேக்குதுங்கறாங்க.” அவர் குரல் தானாக உயர்ந்தது. “எம்பொண்ணு சுட்டா சத்தம் வராது. அப்போ சத்தம் வர்ற மாதிரிச் சுடறது யாரு? அதோட... அந்த ரூம்ல தனியா உக்காந்தா யாரோ கூப்பிடறாங்க. தூரத்துல இருந்து, மெலிசா, இழுத்து. வார்த்தை புரியலை. அண்ணன் குரலோன்னு...”

சமையலறையில் குக்கர் வீறிட்டது. கொழுந்தன் டீத்தட்டோடு துள்ளினார். அண்ணியின் தோள்கூட ஒரு கணம் குலுங்கியது. குஷன்காரர் மட்டும் அதே மூச்சில், “கூப்பிடறது அவர்தான்னு நெனைக்கிறேன்” என்று முடித்தார்.

அண்ணி சிந்தாமல் மிஞ்சிய டீயை அவரிடம் கொடுத்தார். “நாளைக்கு வர்றோம். அதுவரைக்கும் எதையும் விக்காதீங்க.”

மறுநாள் மாலை குடைக்கு அடியில் நடந்தபோது கொழுந்தன் வழக்கையே முடித்துவிட்டார். “கீழ்வீட்டம்மா புளுகறாங்க அண்ணி. மேல் போர்ஷன் காலியானா தங்கச்சியைக் குடிவெக்க ஆசை. ஊருக்கே தெரியும்.”

“ஊருக்கு யார் சொன்னது?”

“நான்தான்.”

கீழ்வீட்டம்மா ஒண்டிக்கட்டை. அவருக்குப் பேச்சுத்துணை ஒரு மஞ்சள் பூனை. அண்ணியைக் கண்டதும் புகார்ப்பட்டியல் அவிழ்ந்தது. பூனை மடியில் சுருண்டு தூங்கியது. பாதிப் பேச்சில் மேலிருந்து ‘டப்’ என்றொரு சத்தம் இறங்கியது. பெரிய சத்தம் இல்லை, ஆனால் கூர்மையானது. பூனையின் காதுகள் நிமிர்ந்தன. அடுத்த ‘டப்’புக்கு அது கட்டிலின் அடியில் இருந்தது.

“பாத்தீங்களா! நான் பொய் சொல்றேன்னு தெருவுல எவனோ பேசறானாமே?”

கொழுந்தன் கூரையை ஆராயத் தொடங்கினார்.

மாடி ஏறினார்கள். கதவைத் திறந்த குஷன்காரரின் மனைவியிடம் அண்ணி நேராகவே கேட்டார்: “இப்போ துப்பாக்கிச் சத்தம் கேட்டுதாம்மா?”

“சத்தமா? இல்லைங்களே.” கையில் இருந்த துண்டைப் பிழிந்தார். துண்டு காய்ந்துதான் இருந்தது.

உள்ளிருந்து வந்த மகளும் அதையேதான் சொன்னாள். “அப்பா அவ்ளோ நல்லாச் செஞ்சிருக்கார் ஆன்ட்டி. ஒண்ணுமே கேக்காது.” சொல்லும்போது தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

கொழுந்தனுக்குக் கைமுடிகள் குத்திட்டு நின்றன. கீழே மூன்று பேரும் ஒரு பூனையும் கேட்ட சத்தம், அது பிறந்த வீட்டில் கேட்கவில்லை என்கிறார்கள்! “அண்ணி, நாம போயிடலாம்” என்று காதோரம் சொன்னார்.

அண்ணி அறையைப் பார்க்கக் கேட்டார். ரயில் பெட்டி போல நீளமான அறை. ஒரு கோடியில் மகள் நிற்கும் இடம், மறுகோடியில் இலக்கு அட்டை. கதவு நீளச் சுவரின் நடுவில் இருந்தது. உள்ளே கால் வைத்ததும் மழைச் சத்தம் அறுந்துபோனது. கொழுந்தனின் செருமல் வாயைத் தாண்டுவதற்குள் சுவர் அதை விழுங்கியது. சாம்பல் நிறத் துணிக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கி நிற்பது போலிருந்தது.

“கேக்குதா?” என்று குஷன்காரர் மெதுவாகக் கேட்டார். “இதோ. இழுத்துக் கூப்பிடறது.”

அண்ணி கண்ணை மூடிக் கேட்டார். கொழுந்தன் கண்ணை மூட மறுத்துக் கேட்டார். எதுவும் இல்லை.

அண்ணி அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றார். “இந்த ரூம்ல மட்டும்தானா?”

அவர் தயங்கினார். “மொதல்ல இங்க மட்டும்தான். இப்போல்லாம் தலகாணியில சாய்ஞ்சாலும் வருது. எங்கூடவே வீட்டைச் சுத்துது.”

“யாராவது சுட்டுக்கிட்டு இருந்தா இந்தக் கதவை எப்படித் திறப்பீங்க? குண்டு போற பாதையிலதானே வந்து நிக்கணும்?”

“அதுக்கு அண்ணன் காலத்து வழக்கம் இருக்குங்க. சத்தம் கேட்டா நில்லு, நின்னா நுழை.”

அண்ணியின் முகம் மாறியது. கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்தவர் போல வெளியே வந்தார். மகளிடம், எப்போதும் போலச் சுடச் சொன்னார். கீழ்வீட்டம்மாவை அழைத்துவரக் கொழுந்தன் ஓடினார். பூனையும் வந்தது, கூப்பிடாமலே.

கூடத்தில் எல்லோரும் நின்றார்கள். கதவு சாத்தப்பட்டது. மழையும் அந்த நேரம் பார்த்துத் தணிந்தது.

‘டப்.’

கீழ்வீட்டம்மா விரலை நீட்டினார். மனைவி கண்ணை மூடிக்கொண்டார். பூனை அவர் காலுக்கு இடையில் புகுந்தது. குஷன்காரர் எல்லோரையும் ஆவலோடு பார்த்தபடி நின்றார்.

‘டப்.’

“ஆரம்பிக்கவே இல்லை போலிருக்கே” என்று சிரித்தார் அவர். “இருங்க, போய் என்னன்னு கேட்டுட்டு வர்றேன்.” திரும்பிக் கதவை நோக்கி நடந்தார்.

“திறக்காதீங்க!” என்று அண்ணி கத்தினார்.

தெருவே அறியாத குரல் அது. ஆனால் முதுகைக் காட்டி நடந்தவர் நிற்கவில்லை. கை தாழ்ப்பாளில் பட்டது. அண்ணி பாய்ந்து அவர் சட்டையைப் பின்னாலிருந்து பற்றி இழுத்தார். இருவரும் சோபாவில் விழுந்தார்கள். அவர் கையாலேயே தைத்த சோபா. நல்லவேளையாக உறுதியானது.

‘டப்’ என்றது உள்ளே.

பிறகு அண்ணி எழுந்து அவருக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

“இந்த வீட்ல ரெண்டு சத்தம் இருக்கு. ஒண்ணு எல்லாருக்கும் கேக்குது, உங்களுக்கு மட்டும் கேக்கலை. இன்னொண்ணு உங்களுக்கு மட்டும் கேக்குது, வேற ஒருத்தருக்கும் கேக்கலை. ரெண்டுக்கும் காரணம் ஒரே இடத்துல இருக்கு. அந்த ரூம்ல இல்லை. உங்க காதுல.”

குஷன்காரர் அண்ணியின் வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து என் கொழுந்தன் உங்க முதுகுக்குப் பின்னாடி டீ கேட்டான், பதிலே இல்லை. முகத்தைப் பாத்து நான் கேட்டதுக்கெல்லாம் சரியாச் சொன்னீங்க. குக்கர் கத்தினப்போ நாங்க துள்ளினோம், நீங்க கண்ணைக்கூடச் சிமிட்டலை. எத்தனை வருஷமா கடையில கம்ப்ரஸரை வெச்சுக்கிட்டுக் காதோரமா ஸ்டேப்ளர் அடிக்கறீங்க! கூர்மையான சத்தம்தான் முதல்ல கழண்டு போகும். தகரம் இருந்தவரைக்கும் உங்களுக்கும் கேட்டுது. பாதியை நீங்க பஞ்சு வெச்சுக் குறைச்சீங்க, மீதியை உங்க காது குறைச்சுது. காது கெடும்போது உள்ளேயே ஒரு ஊளை கெளம்பும். சத்தம் நிறைஞ்ச கடையில அது தெரியாது. பஞ்சு ரூம்ல தெரியும்.”

“அப்போ இவங்க?” என்று கொழுந்தன் மனைவியைக் காட்டினார். “இவங்களுக்கும் காது கேக்காதா?”

“அவங்களுக்கு நல்லாவே கேட்டுது.”

மனைவி உடைந்தார். “எப்படிங்க சொல்றது? ராவும் பகலுமா ஆணி அடிச்சுட்டு வந்து, கேக்குதான்னு கேட்டார். குழந்தை மாதிரி முகம். இல்லைன்னுட்டேன். கேக்குதுன்னு சொல்லியிருந்தா, மெத்தை போனது பத்தாம என் கம்பளியையும் சுவத்துல அடிச்சிருப்பார்.”

கதவருகே வந்து நின்ற மகள், “நானும் அப்பா சந்தோஷமா இருக்கட்டும்னுதான்...” என்றாள். “கதவுகிட்ட வந்தா சத்தம் கேட்டு நிப்பார்தானேன்னு நெனச்சேன். கதவைப் பாத்துச் சுடறதில்லையே, அட்டையைத்தானே...” மேலே பேச முடியாமல் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி விலகினாள். “எனக்கு வேண்டாம் ஆன்ட்டி. எடுத்துட்டுப் போயிடுங்க.”

குஷன்காரர் கேட்டது வேறு: “அப்போ, அண்ணன் கூப்பிடலையா?”

அண்ணி இல்லையென்று மெல்லத் தலையை அசைத்தார்.

முதலில் பேசியது, யாருமே எதிர்பாராத கீழ்வீட்டம்மா. “ஓனர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. நான் கடைக்குப் போற நேரமாப் பாத்துச் சுடு பாப்பா. பூனையைக் கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்.” உடனே, இளகியதை மறைக்க, “அதுக்காகக் காலையில பாத்திரம் உருட்டறதை விட்டுடுவேன்னு நெனைக்காதீங்க, அந்தப் புகார் அப்படியேதான் இருக்கு” என்றார்.

கதவுக்கு மேலே, சுடும்போது எரிய ஒரு சிவப்பு பல்பும், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் மறுநாளே வைப்பதென்று முடிவானது. தன்னால்தான் வழக்கு முடிந்தது என்ற தோரணையில், தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிவரும் பொறுப்பைக் கொழுந்தன் ஏற்றார். காது டாக்டரிடம் தானே கூட்டிப்போவதாக அண்ணி சொன்னார்.

மகள் மட்டும் துப்பாக்கி பக்கம் திரும்பவில்லை.

குஷன்காரர் எழுந்து மேசைமேல் இருந்த துப்பாக்கியை எடுத்தார். மகளின் கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துப்போய், அவள் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தித் துப்பாக்கியைக் கொடுத்தார். அவளுக்குப் பின்னால், குண்டு ஒருநாளும் வராத திசையில், தான் நின்றுகொண்டார். அவள் இடது தோளில் தன் உள்ளங்கையை வைத்தார்.

“சுடு.”

“அப்பா...”

“நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியும். சுடு.”

அவள் மூச்சை இழுத்தாள். பாதி விட்டாள். கூடத்தில் எல்லோருக்கும் ‘டப்’ கேட்டது. அவளுடைய எலும்பு வழியாக அவர் உள்ளங்கைக்குள் ஏதோ ஒன்று எகிறி அடங்கியது.

குஷன்காரர் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“அடேங்கப்பா, இவ்ளோ சத்தமாடி!” என்றார். “இன்னொண்ணு சுடு.”